பாந்தியன் வாசலில் இரண்டு சின்ன வரிகள்: ரோமுக்குப் போகும் தமிழ் வீடியோ பதிவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். ரோமில் பாந்தியன் கோயில் வாசலில் நின்று நீங்கள் எடுத்துப் போட்ட வீடியோக்களில் இருபதாவது பார்த்திருப்பேன். குறை சொல்ல இதை எழுதவில்லை. ஐந்து யூரோ டிக்கெட், எந்த நேரத்தில் போனால் கூட்டம் குறைவு, பக்கத்துச் சந்தில் காபி எங்கே நன்றாக இருக்கும் என்று நீங்கள் சொன்னதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டுதான் நானே போனேன். ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் கேமராவைத் தூக்குகிறீர்கள். முகப்பில் பெரிய பெரிய எழுத்தில் 'லூசியஸ் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூன்று முறை கான்சலாக இருந்தவன், இதைச் செய்தான்' என்று இருப்பதைக் காட்டுகிறீர்கள் (கான்சல் என்பது ரோமின் உயர்ந்த அரசுப் பதவி). கொஞ்சம் படித்துவிட்டு வந்தவர்கள், "ஆனா மக்களே, உண்மையில இதைக் கட்டினது ஹாட்ரியன்!" என்று, அக்ரிப்பாவுக்குப் பின்னால் வந்த ஒரு பேரரசர் பெயரைச் சொல்லி, ஒரு போடு போடுகிறீர்கள். அதோடு கேமரா உள்ளே போய்விடுகிறது, கூரையில் இருக்கும் வட்டத் துளையைக் காட்ட.

அந்தப் பெரிய எழுத்துக்குக் கீழே, தூண்களின் தலைமேல் ஓடும் கல் உத்திரத்தில், பொடி எழுத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன. இருபது வீடியோவில் ஒன்றில்கூட அவை வரவில்லை.

நீளமான பட்டங்களைத் தள்ளிவிட்டுப் படித்தால் அவை சொல்வது இவ்வளவுதான்: பேரரசர் செப்டிமியஸ் செவெரஸும் அவர் மகனும் (நாம் கரகல்லா என்று சொல்கிறோமே, அதே ஆள்) 'பழமையால் கெட்டுப்போன பாந்தியனை எல்லா அலங்காரத்தோடும் திரும்ப நிறுத்தினார்கள்.' ஆண்டு கி.பி. 202.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருடம் கட்டடப் பராமரிப்பில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். புதுக் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அடிக்கல் நாட்டு விழா உண்டு, திறப்பு விழா உண்டு, சால்வை உண்டு. எங்களுக்கு ஒழுகுகிற கூரை மட்டும்தான். ரிப்பேர் எஸ்டிமேட் போடும்போது, இந்தச் செலவு எதற்கு என்று முதல் பக்கத்தில் ஒரு 'ரிப்போர்ட்' எழுத வேண்டும். அதற்கென்று எங்களிடம் ஒரு வாக்கியம் இருந்தது. 'கட்டடம் மிகவும் பழமையானதாலும் வெயில் மழையாலும் சிதிலமடைந்துள்ளது.' தண்ணீர் இறங்கும் குழாய் ஓரத்தில் அரசங்கன்று முளைத்து ஐந்து வருடமாக ஒருத்தரும் பிடுங்கவில்லை என்று எழுத முடியாது. எழுதினால், பிடுங்க வேண்டியவர் யார் என்று கேள்வி வரும். பழமை என்று எழுதினால் ஒரு கேள்வியும் வராது. பழமைக்கு மெமோ கொடுக்க முடியாதல்லவா?

என் மகள் ரோமில் வேலை பார்க்கிறாள். இரண்டு தடவை போய் மூன்று மூன்று மாதம் தங்கியிருந்தேன். பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டால் மத்தியானம் வரை எனக்கு வேலை கிடையாது. எனக்குத் தெரிந்த லத்தீன், அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டும் அளவுதான். அந்த இரண்டு வரியில் 'வெதுஸ்தாத்தே' என்று ஒரு சொல் வந்தது. அகராதியில் பார்த்தால், 'பழமையால்'. நடு வீதியில் நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆயிரத்தெண்ணூறு வருடத்துக்கு முந்தைய என் எஸ்டிமேட் ரிப்போர்ட் அது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்ரிப்பாவின் முதல் கட்டடம் கி.மு. 27 காலத்தது. கி.பி. 80-இல் தீப்பிடித்தது, பேரரசர் டொமிஷியன் சரி செய்தார். 110-இல் மறுபடியும் தீ. இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு எழுந்தது, ஹாட்ரியன் காலத்தில் முடிந்தது. ஆக, செவெரஸ் 'பழமையால் கெட்டுப்போன' என்று வெட்டியபோது அதற்கு எண்பது வயதுகூட ஆகியிருக்காது. சுவர் ஏறக்குறைய ஆறு மீட்டர் கனம். அப்படிப்பட்ட கட்டடம் எண்பது வருடத்தில் பழமையால் கெடுமா? கூரைத் தகடு, பூச்சு, பளிங்கு ஒட்டு இவையெல்லாம் கெட்டிருக்கும், சரி. ஆனால் இது செவெரஸ் கைபட்ட கட்டுமானம் என்று பெரிதாக எதையும் ஆய்வாளர்களால் அங்கே காட்ட முடியவில்லை. என் கணிப்பில் அது ஒரு நல்ல வெள்ளையடிப்பு. வெள்ளையடிப்பு கேவலம் என்று சொல்லவில்லை. நான் முப்பத்தோரு வருடம் சோறு தின்றதே அதில்தான்.

இதைவிடப் பேஷான ஓரிடம் இருக்கிறது, நீங்கள் யாரும் போகாத இடம். போர்த்தா மஜ்ஜோரே. தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து இருபது, இருபத்தைந்து நிமிட நடை. டிராம் வண்டிகள் சுற்றிச் சுற்றி வரும், கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கும், ஃப்ரேமில் அழகாக விழாது; அதனால்தான் யாரும் எடுப்பதில்லை போலிருக்கிறது. இரண்டு பெரிய வளைவுகள். உண்மையில் அது நகர வாசலாகக் கட்டியதல்ல. இரண்டு கால்வாய்கள் சாலையைத் தாண்டிப் போகும் இடம். வளைவுக்கு மேலே ஒன்றின்மேல் ஒன்றாக அக்வா கிளாடியாவும் அனியோ நோவஸும் ஓடின. அந்தக் கல் நெற்றியில் மூன்று பட்டையாக மூன்று கல்வெட்டுகள். மூன்றையும் மேலிருந்து கீழே படியுங்கள்.

மேலே பேரரசர் கிளாடியஸ், கி.பி. 52. கேருலியஸ், கூர்ட்டியஸ் என்ற ஊற்றுகளின் தண்ணீரை 45-ஆவது மைல்கல்லிலிருந்தும், புதிய அனியோவை (அனியோ நோவஸ்தான்) 62-ஆவது மைல்கல்லிலிருந்தும் தன் செலவில் நகரத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார். 38-இல் இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் முந்தைய பேரரசர் கலிகுலா. அவர் பெயரைப் பற்றி மூச்சே இல்லை.

நடுவில் பேரரசர் வெஸ்பாசியன், கி.பி. 71. கிளாடியஸ் கொண்டுவந்த தண்ணீர் 'பின்னர் தடைபட்டு, ஒன்பது வருடம் சிதைந்து கிடந்ததை' தன் செலவில் நகரத்துக்குத் திரும்பக் கொடுத்தாராம். 71-இல் ஒன்பதைக் கழித்தால் 62. அதாவது கிளாடியஸ் கல்வெட்டு வெட்டிப் பத்தாவது வருடமே தண்ணீர் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று ஒரு சொல் இல்லை. எத்தனை வருடம் நின்றது என்று மட்டும் கச்சிதமாக இருக்கிறது. அந்த வருடங்களில் பெரும்பகுதி யார் ஆட்சி? நீரோ. முந்தைய ஆட்சியின் பெயரைச் சொல்லாமல் முந்தைய ஆட்சியைத் திட்டும் கலை நமக்குப் புதிதா என்ன?

கீழே டைட்டஸ், வெஸ்பாசியனின் மகன், கி.பி. 81. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கிளாடியஸ் கொண்டுவந்ததும், 'பிறகு தன் தந்தை தெய்வ வெஸ்பாசியன் நகரத்துக்குத் திரும்பக் கொடுத்ததும்' ஆன அந்தத் தண்ணீர், ஊற்றுத் தலையிலிருந்தே 'அடிமண் வரை பழமையால் சிதைந்துபோனபடியால்', புதுக் கால்வாய் வழியாக மறுபடி கொண்டுவரத் தன் செலவில் ஏற்பாடு செய்தாராம்.

மறுபடி கணக்கு. வெஸ்பாசியன் சரி செய்து பத்து வருடம். மொத்தக் கட்டுமானத்துக்கே வயது இருபத்தொன்பது. இருபத்தொன்பது வயதில் என்ன பழமை? நான் வாசிக்கும் விதம் இது: அப்பா செய்த ரிப்பேர் நிற்கவில்லை. மகன் அதை எப்படி எழுதுவான்? நீரோவின் காலத்தைக் காட்டியதுபோல் அப்பாவின் காலத்தைக் காட்ட முடியுமா? 'அப்பா திரும்பக் கொடுத்தார்' என்று ஒரு மரியாதை, 'பழமையால் விழுந்தது' என்று ஒரு மூடி. வைத்துப் பூசியாயிற்று. இதைப் பார்த்த அன்று பேரனைக் கூட்டிவர அரை மணி நேரம் தாமதமாகி, மகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ரோமின் கால்வாய்களுக்கெல்லாம் கி.பி. 97-இல் பொறுப்பேற்ற ஃப்ரோன்டினஸ் என்பவர் இந்த வேலை பற்றி விவரமாக எழுதி வைத்திருக்கிறார். பராமரிப்புக்கு மட்டும் இரண்டு அடிமைக் குழுக்கள்: அரசுடையது 240 பேர், பேரரசருடையது 460 பேர். கொத்து வேலைக்கு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நவம்பர் முதல் தேதி வரைதான் காலம், அதிலும் உச்சக் கோடையில் நிறுத்திவிடு என்கிறார். தண்ணீரைத் தாங்கி நிற்க வேண்டிய வேலையைப் போல் கவனம் கேட்கும் வேலை வேறில்லை, அதன் விதி எல்லாருக்கும் தெரியும், கடைப்பிடிப்பவர் சிலர்தான் என்கிறார். இந்த ஆள் என் டிவிஷனில் இருந்திருக்க வேண்டியவர். அந்த எழுநூறு பேரில் ஒருவன் பெயர்கூட வாசல் நெற்றியில் இல்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக, கல்வெட்டில் எழுதியதெல்லாம் புளுகு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இது பற்றி அறிஞர்களுக்குள்ளேயே சண்டை. 1992-இல் எட்மண்ட் தாமஸ், கிறிஸ்டியான் விட்செல் என்ற இருவர், இந்த மறுகட்டுமானக் கல்வெட்டுகளை அப்படியே நம்பக் கூடாது, 'அஸ்திவாரத்திலிருந்து', 'பழமையால் விழுந்த' என்பதெல்லாம் புகழுக்கான வாய்பாடு, மண்ணைத் தோண்டிப் பார்த்தால் பல இடங்களில் கதை வேறு என்று எழுதினார்கள். 1996-இல் கேரெட் ஃபேகன் மறுத்தார்: வாய்பாடாகவே இருந்தாலும், ஊரார் தினமும் கடந்துபோகும் சுவரில் ஒரேயடியாகப் பொய்யை வெட்டி வைக்க முடியுமா, பொதுவாக நம்பலாம் என்பது அவர் கட்சி. எனக்கு இரண்டு பேரும் சரி என்றுதான் படுகிறது. எங்கள் எஸ்டிமேட்டிலும் ஒழுகல் உண்மை, காரணம்தான் வாய்பாடு.

வாய்பாடு இல்லாமல் எழுதியிருந்தால் அது உடனே தெரிந்துவிடும். பிரிட்டனில், ஹாட்ரியன் சுவர் ஓரத்துப் பேர்டாஸ்வால்ட் கோட்டையில் ஒரு கல்: தளபதியின் வீடு 'மண் மூடி இடிந்து கிடந்ததை' நிமிர்த்தினோம், தலைமை அலுவலகத்தையும் குளியல் கூடத்தையும்கூட நிமிர்த்தினோம் என்கிறது. மூன்றாம் நூற்றாண்டு முடிந்து நான்காம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தைச் சேர்ந்தது. 'மண் மூடி' என்பதை மேஜையில் உட்கார்ந்து எழுத வராது, மண்வெட்டி பிடித்தவன் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். போவ்ஸ் என்ற இடத்தில் இன்னொன்று: தீயின் வேகத்தில் எரிந்துபோன குளியல் கூடத்தைத் திரேசிய வீரர் படைப்பிரிவைக் கொண்டு ஆளுநர் விரியஸ் லூபஸ் மீட்டுக் கட்டி, அதிர்ஷ்ட தேவதைக்குக் காணிக்கையாக்கினார். குளியல் கூடத்தில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். அது எரிந்து போவதில் வியப்பில்லை. காணிக்கை போன இடம் பொருத்தமானதுதான்.

பாம்பேயிக்கு எல்லாரும் போகிறீர்கள். அங்கே ஐசிஸ் என்ற எகிப்தியத் தேவியின் கோயில் வாசலுக்கு மேலே ஒரு கல்வெட்டு (இப்போது இருப்பது நகல், அசல் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில்). நிலநடுக்கத்தில் விழுந்த ஐசிஸ் கோயிலை நுமேரியஸ் மகன் நுமேரியஸ் போப்பிடியஸ் செல்சினஸ் அஸ்திவாரத்திலிருந்து தன் பணத்தில் மீட்டுக் கட்டினான், அவன் தாராளத்துக்காக நகர மன்றத்தார் அவனைக் கட்டணம் வாங்காமல் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று போகிறது. நடுவில் ஒரு சிறு விவரம்: அப்போது அவனுக்கு வயது ஆறு.

ஆறு வயதுப் பையன் கோயில் கட்டினான்! உண்மையில் கட்டியவர் அப்பா போப்பிடியஸ் ஆம்ப்லியாட்டஸ். அவர் விடுதலை பெற்ற அடிமை என்பது அறிஞர்கள் கருத்து. அந்த நிலையில் இருந்தவர்கள் நகர மன்றத்தில் உட்கார முடியாது, எவ்வளவு பணம் இருந்தாலும் சரி. பிள்ளைக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே பணம் அப்பாவுடையது, பெயர் மகனுடையது, வயதை மட்டும் மறைக்காமல் எழுதிவிட்டார்கள். ஊரில் எல்லாருக்கும்தான் தெரியுமே. இந்தக் கல்வெட்டை என் பேரனிடம் சொன்னேன். அவனுக்கும் அப்போது ஆறு வயது. "நான் என்ன கட்டணும் தாத்தா?" என்று கேட்டான்.

பக்கத்து ஊர் ஹெர்குலேனியத்தில், அதே மாதிரி நிலநடுக்கத்தில் விழுந்த தெய்வத் தாய் கோயிலை வெஸ்பாசியன் 76-இல் மீட்டுக் கட்டியதாக ஒரு கல்வெட்டு உண்டு. மூன்று வருடத்தில் வெசூவியஸ் எரிமலை வெடித்து இரண்டு ஊரையும் மூடிவிட்டது.

இனிப் பெயர் விவகாரம். 'சுவா பெக்கூனியா', தன் பணத்தில். நம் கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று போடுவோமே, அதே. விளக்கு வெளிச்சம் பாதி அந்த எழுத்திலேயே நின்றுவிடும். ரோமானியர்கள் இதற்குச் சட்டமே வைத்திருந்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுக்கச் செய்த சட்டத் திரட்டின் 50-ஆவது புத்தகத்தில் இருக்கிறது. பொதுக் கட்டடத்தில் பேரரசர் பெயர், அல்லது யார் பணத்தில் கட்டியதோ அவர் பெயர், இரண்டைத் தவிர வேறு பெயர் எழுதக் கூடாது. முன்பு கொடுத்தவர் பெயரைச் சுரண்டிவிட்டு வேறொருவர் பெயரைப் போடாமல் ஆளுநர் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு ஊருக்குக் கொடுக்க யார் வருவார்? ஒருவர் கட்டியதை இன்னொருவர் பளிங்கு பதித்து அழகுபடுத்தினால் அவர் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம், ஆனால் பழைய பெயர்கள் அப்படியே இருக்க வேண்டும். அரசுப் பணத்தில் நடக்கும் வேலைக்கு ஒருவர் தன் கையிலிருந்து கொஞ்சம் சேர்த்தால், எவ்வளவு சேர்த்தார் என்ற தொகையையும் கல்லில் எழுத வேண்டும். கடைசி விதியைப் படித்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

சட்டம் போட வேண்டி வந்தது என்றாலே தப்பு நடந்துகொண்டிருந்தது என்றுதான் பொருள். எனக்கும் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிற்றூரில் பழைய பள்ளிக்கூடம். மெட்ராஸ் டெர்ரஸ் கூரை, உத்திரம் இற்றுப் போயிருந்தது. நான்கு மாதம் வேலை. முன் வராந்தாச் சுவரில் ஒரு சின்னக் கருங்கல் பலகை. அந்தக் கட்டடத்துக்கு இடமும் பணமும் கொடுத்தவர் பெயர். கடைசி நாள் பூச்சு வேலையில் கொத்தனார் அதன்மேலும் பூசிவிட்டார். மறுநாள் அதே இடத்தில் பளபளவென்று கிரானைட் பலகை, திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று ஒன்பது பெயர். பூசும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்தக் கொடையாளி பெயர் எனக்கே இன்று நினைவில் இல்லை.

அதனால்தான் டொமிஷியனை நினைத்தால் எனக்குக் கோபத்தைவிடக் கூச்சம் அதிகம் வருகிறது. எரிந்துபோன கட்டடங்கள் பலவற்றை மறுபடி கட்டினார், கேபிடோலியம் என்ற ரோமின் தலைமைக் கோயிலையும் சேர்த்து. ஆனால் எல்லாவற்றிலும் தன் பெயர் மட்டும், முதலில் கட்டியவர் நினைவே இல்லாமல் என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். 96-இல் அவர் கொலையான பிறகு அவர் பெயரையும் உளியால் கொத்தி எடுத்தார்கள். எதிர்ப்பக்கம் பேரரசர் டைபீரியஸ்: பாம்பே என்ற பழைய படைத்தலைவர் (ஊர் பாம்பேயி அல்ல) ரோமில் கட்டிய நாடக அரங்கு எரிந்தபோது, அதை மீட்டுக் கட்டும் வசதி அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று தானே பொறுப்பேற்றார், பாம்பே பெயர் அப்படியே இருக்கட்டும் என்றார். ஹாட்ரியனும் அக்ரிப்பா பெயரைப் பாந்தியனில் விட்டுவிட்டார். அதை நம்பித்தான் பல காலம் அறிஞர்கள்கூட இது அக்ரிப்பா கட்டடம் என்றே நினைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜார்ஜ் ஷெடான் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சுவரிலிருந்த செங்கல்களைப் பார்த்தார். ரோமில் செங்கல் சூளைக்காரர்கள் முத்திரை குத்துவார்கள். முத்திரைகள் ஹாட்ரியன் காலத்தவை. முகப்பு ஒன்று சொல்கிறது, செங்கல் ஒன்று சொல்கிறது. எனக்கு எப்போதும் செங்கல் கட்சி.

எல்லாரிலும் கெட்டிக்காரர் முதல் பேரரசர் அகஸ்டஸ். கி.மு. 28-இல் மட்டும் நகரத்தில் 82 கோயில்களைச் சரி செய்ததாகத் தன் சாதனைப் பட்டியலில் சொல்கிறார். கேபிடோலியத்தையும் பாம்பே அரங்கையும் பெருஞ்செலவில் புதுப்பித்தேன், 'என் பெயரை எங்கும் எழுதாமல்' என்கிறார். எங்கே சொல்கிறார்? தன் கல்லறை முன்னால் வெண்கலத்தில் வெட்டி வைக்கச் சொன்ன பட்டியலில். அதன் பிரதி துருக்கியில் அங்காராவின் கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது. கட்டடத்தில் பெயர் போடவில்லை என்பதைப் பேரரசு முழுவதும் தெரியப்படுத்திவிட்டார்.

நான்காம் நூற்றாண்டில் லம்பாடியஸ் என்று ஒரு நகர அதிகாரி. தான் துப்பினால்கூட அதைச் சிறப்பாகத் துப்பியதாக யாரும் புகழவில்லையென்றால் முகம் சுளிப்பாராம். சொன்னவர் வரலாற்றாசிரியர் அம்மியானஸ். பேரரசர்கள் பலர் கட்டிய கட்டடங்களில் எல்லாம் தன் பெயரைப் பொறித்தார், 'பழையதைச் சரி செய்தவன்' என்றல்ல, 'கட்டியவன்' என்று. வேலைக்கு இரும்பு, ஈயம், செம்பு எல்லாம் விலைக்கு வாங்குவதுபோல் ஆள் அனுப்பி எடுப்பார், காசு மட்டும் கொடுக்க மாட்டார். கடைசியில் மக்கள் அவர் வீட்டுக்குத் தீ வைக்க வந்தார்கள்; மில்வியன் பாலம் பக்கம் ஓடித் தப்பினார். பேரரசர் டிராஜனுக்கும் இந்தப் பெயர் எழுதும் வியாதி இருந்ததாம். அவருக்குக் கேலியாக ஒரு பட்டப்பெயர்: 'சுவர்ப்பூண்டு'. எந்தச் சுவரைப் பார்த்தாலும் முளைத்திருப்பார்.

பழைய ரோமின் நடுச் சதுக்கமான ஃபோரத்தில் சனிக் கோயில் தூண்கள் எட்டு நிற்கின்றனவே, அவற்றின் மேலே ஒரு வரி. 'செனட்டும் ரோம் மக்களும், தீயில் அழிந்ததை மீட்டுக் கட்டினார்கள்.' தனி ஆள் பெயரே கிடையாது. அந்தத் தூண்களை ஜூம் செய்து பாருங்கள்: முன்வரிசை ஆறும் சாம்பல் நிறம், பக்கத்தில் இரண்டு மட்டும் சிவப்பு. பழைய கற்களைத் தேடிப் பொறுக்கி எழுப்பியிருக்கிறார்கள். கையில் காசு சுருங்கிப்போன காலத்து ரிப்பேர் அது, பார்த்தாலே எனக்குத் தெரியும். ஆனால் மறைக்கவும் இல்லை, பழமை என்று சாக்குச் சொல்லவும் இல்லை. தீ என்றால் தீ. கொலோசியத்தில் பசிலியஸ் என்ற நகர அதிகாரி, மேற்கு ரோமப் பேரரசே மங்கிப்போன காலத்தில், மணல் தளத்தையும் முன்வரிசை மேடையையும் 'சபிக்கத்தக்க நிலநடுக்கத்தின் இடிபாடு' சாய்த்துவிட்டதைத் தன் செலவில் சரி செய்ததாக எழுதி வைத்திருக்கிறார். அரசாங்கக் கல்வெட்டில் திட்டு வார்த்தை பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. பாவம், என்ன நொந்து போயிருந்தாரோ.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். 'இதைக் கட்டியது யார்' என்று ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடாதீர்கள். கண்ணில் பட வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான். 'ரெஸ்தித்துயித்', 'ரெஃபேகித்': மீட்டான், சரி செய்தான். 'இன்கெந்தியோ': தீயால். 'தெர்ரே மோத்து': நிலநடுக்கத்தால். 'ஆ சோலோ': அடிமண்ணிலிருந்து. 'வெதுஸ்தாத்தே': பழமையால். கல்லில் யு என்ற எழுத்து வராது, வி-தான் இருக்கும். அது பழகிவிட்டால் பத்து நிமிடத்தில் நீங்களே தேடிப் பிடித்துவிடுவீர்கள். பிடித்ததும் வருடத்தைப் பார்த்து வயதைக் கழித்துப் பாருங்கள். பாந்தியன் முகப்பு வடக்கு பார்த்தது. அந்த இரண்டு வரிமேல் நேர் வெயில் அவ்வளவாக விழாது, எழுத்தும் ஆழமில்லை. போன் கேமரா போதாது, நல்ல லென்ஸ் வேண்டும்.

நேரமிருந்தால் டைட்டஸ் வளைவையும் இரண்டு பக்கமும் எடுங்கள். கொலோசியம் பக்கம் இருப்பது பழைய எழுத்து: செனட்டும் ரோம் மக்களும் தெய்வ டைட்டஸுக்கு வைத்தது. நீங்கள் எல்லாரும் அதைக் காட்டுகிறீர்கள். ஃபோரம் பக்கம் சுற்றிப் போனால் இன்னொரு லத்தீன் கல்வெட்டு, 1820-களில் போப் ஏழாம் பயஸ் வைத்தது. அந்த வளைவைத் தாங்கி நிறுத்திய கதையைச் சொல்கிறது. புதிதாகச் சேர்த்த இடமெல்லாம் பளிங்கு இல்லாமல் டிராவர்டின் என்ற சுண்ணாம்புக் கல். எது பழசு எது புதுசு என்று கண்ணாலேயே பிரித்துவிடலாம், நல்ல வேலை. அந்தப் போப் எழுதிய வரியில், போர்த்தா மஜ்ஜோரேயில் டைட்டஸ் தன் அப்பாவுக்காக எழுதிய அதே சொல் இருக்கிறது. இந்த வளைவு 'வெதுஸ்தாத்தே' விரிசல் விட்டுக்கொண்டிருந்ததாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு பராமரிப்பு இன்ஜினியர்